நிறுத்துகிற எண்ணெய்

சைக்கிளை நிறுத்த என் தலைமுறை முதலில் கற்றுக்கொண்ட பிரேக், செருப்பு. வாடகை சைக்கிளில் பிரேக் கட்டை என்கிற ரப்பர் துண்டு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ரிம்மைத் தொடாது. கடைக்காரரிடம் கேட்டால், "அரை மணி நேரத்துக்கு இது போதும், எடுத்துட்டுப் போடா" என்பார். எனவே காலைத் தூக்கி டயரின் மேல் வைத்து அழுத்துவோம். ரப்பருக்கு ரப்பர். செருப்பு தேயும், வீட்டில் அடி விழும், சைக்கிள் எப்படியோ நின்றுவிடும். மழை நாளில் மட்டும் நிற்காது. அதற்குத்தான் தெருமுனையில் மணல் குவியல்கள் இருந்தன.

பெரியவர்களின் கறுப்பு சைக்கிளில் கம்பி பிரேக். கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி இன்னொரு கம்பியை இழுக்கும், லாடம் போன்ற ஒரு வளையம் மேலே எழும்பி, இரண்டு ரப்பர் கட்டைகளால் ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கும். அதில் ரகசியமே கிடையாது. எது கழன்றது, எது தேய்ந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு ஒயர் பிரேக் வந்தது. அதுவும் புரிந்தது. ஒயர் அறுந்தால் அறுந்தது தெரியும்.

இப்போது வந்திருப்பது பார்த்தால் புரியாத ரகம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் துளைத்துளையாக ஒரு எஃகுத் தட்டு. அதைக் கவ்விக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து லிவர் வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு விரலால் லிவரைத் தொட்டால் சைக்கிள் ஆணி அடித்தாற்போல நிற்கும்.

என் அக்கா மகன் இப்படி ஒன்று வாங்கியிருக்கிறான். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. சைக்கிளின் விலையை அவன் அம்மாவிடம் பாதியாகவும் தாத்தாவிடம் கால்வாசியாகவும் சொன்னான். கால்வாசிக்கே தாத்தா, அதாவது என் அப்பா, "இந்தக் காசுக்கு அப்போ அம்பத்தூர் ஃபேக்டரியையே கேட்டிருக்கலாமே" என்றார். முழு விலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் படித்து அக்கா கேட்டால், நான் எழுதியது வேறு யாரோ ஒரு பையனைப் பற்றி.

இந்த பிரேக்கின் மூலபுருஷர் பிளேஸ் பாஸ்கல் என்கிற பிரெஞ்சுக்காரர். 1662-ல், 39 வயதிலேயே இறந்துபோனார். அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் போய்ச் சேரும் என்று அவர் எழுதிவைத்தது, மறுவருஷம்தான் அச்சில் வந்தது. பள்ளியில் 'பாஸ்கல் விதி' என்று மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கி, அன்றைக்கே மறந்திருப்பீர்கள். சைக்கிளில் அந்த விதி நம் உயிரைக் காக்கிறது.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்கு. லிவருக்குள் 10 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு பிஸ்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சக்கரத்தருகே, தட்டின் இருபுறமும் 20 மில்லிமீட்டரில் ஒவ்வொன்று. குறுக்களவு இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. மேலே 10 கிலோ விசையில் தள்ளினால் கீழே ஒவ்வொரு பக்கமும் 40 கிலோ விசை. சும்மா கிடைப்பதில்லை. இயற்கை இப்படிப்பட்ட விஷயங்களில் கறார் மளிகைக்காரர் மாதிரி. மேலே பிஸ்டன் 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழே ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். பலத்தில் கொடுத்ததை தூரத்தில் பிடித்துக்கொண்டுவிடும்.

இந்தக் கணக்கில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தட்டுக்கும் பேடுக்கும் இடையில் உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது. அதனால் அவ்வளவு சின்ன நகர்வு போதும். ஆனால் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நுழைந்துவிட்டால்? காற்று சுருங்கும். நீங்கள் லிவரை இழுக்கும் இழுப்பெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். லிவர் பஞ்சுபோல ஹேண்டில்பார் வரை வரும். சைக்கிள் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

புதிதாய் யாரோ கண்டுபிடித்ததல்ல இது. தட்டு பிரேக்குக்கு லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-லேயே காப்புரிமை வாங்கினார். எண்ணெய் பிரேக்கை மோட்டார் காருக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி லாக்ஹீடின் சகோதரர்களில் ஒருவர். 1921-ல் டூசன்பெர்க் என்ற அமெரிக்கக் கார் நான்கு சக்கரத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டது. ஜெர்மனியின் மகுரா கம்பெனி 1987-ல் சைக்கிள் ரிம்முக்கே எண்ணெய் பிரேக் செய்தது. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு சர்வதேச சைக்கிள் சங்கம் முழு அனுமதி தந்தது 2018-ல்தான். இப்போது நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் கார் பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கிறது.

தூசி படிந்தால் பரவாயில்லை. எண்ணெய் படிந்தால்தான் விவகாரம்.

அப்பாவுக்கு 84 வயது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். கறுப்பு சைக்கிளிலேயே போய்க் கறுப்பு சைக்கிளிலேயே ரிட்டயர் ஆனார். வீட்டில் எது சத்தம் போட்டாலும் அவருக்குப் பொறுக்காது. கதவுக் கீல், மின்விசிறி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் மூக்கு நீண்ட ஒரு எண்ணெய்க் குப்பி வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன்பு, மழை விட்ட ஒரு சாயங்காலம் பேரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பின்சக்கரம் 'கீஈச்' என்று கத்தியது. ஈரத்தில் டிஸ்க் பிரேக் அப்படிக் கத்தும், காய்ந்தால் அடங்கிவிடும். அப்பாவுக்கு அது தெரியாது. மறுநாள் காலை பேப்பர் எடுக்கக் கீழே போனவர், குப்பியையும் எடுத்துக்கொண்டு போனார். பார்க்கிங்கில் அரை இருட்டு. சக்கர நடுவில் துளைத்துளையாய் இருந்த தட்டு, ஃப்ரீவீலைச் சேர்ந்த ஏதோ பல்சக்கரம் என்று நினைத்து, பாசத்தோடு சுற்றிச் சுற்றி எண்ணெய் விட்டார். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாரபட்சம் என்று முன்சக்கரத்துக்கும்.

மூன்று நாள் கழித்து அவன் நண்பர்களோடு ஏற்காடு போவதாக இருந்தது. சேலத்தில் இருந்து மிதித்து ஏறி, அதே வழியில் இறங்குவது. 20 கொண்டை ஊசி வளைவுகள்.

நல்லவேளையாக அவனிடம் ஒரு பழக்கம். சைக்கிளில் ஏறுவதற்கு முன் நின்றபடியே இரண்டு லிவரையும் பிடித்து, வண்டியை முன்னே தள்ளிப் பார்ப்பான். அன்று தள்ளினான். சைக்கிள் வெண்ணெயில் வைத்த கத்திபோல நகர்ந்தது. லிவர் கெட்டியாகத்தான் இருந்தது. பாஸ்கல் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார். பேட் தட்டைக் கவ்வியது; கவ்வினாலும் உராய்வு இல்லை. குனிந்து தட்டின் மேல் விரலை வைத்தான். தையல் மிஷின் எண்ணெய் வாசனை. வீட்டில் அந்த வாசனை ஒரே ஒருவரிடம்தான் வரும்.

நான் அப்போது அங்கே இருந்தேன். பையன் மேலே வந்து கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வந்து, "தாத்தா, ஒரு ஹெல்ப் வேணும், கீழ வர்றீங்களா?" என்றான்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தட்டு எஃகு, துடைத்தால் போயிற்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்து, துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் செய்கிறவர்கள் பயன்படுத்துவது. ரிச்சி தெருவில் கிடைக்கும். பேட் அப்படியல்ல. அது பொடியை அழுத்திச் செய்த வில்லை. எண்ணெயைக் குடித்துவிடும். அடுப்பில் சுடுவது, உப்புத்தாளில் தேய்ப்பது என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். சமதரையில் கறிகாய் வாங்கப் போகிறவர் அதைச் செய்து பார்க்கலாம். மலையிறங்குகிறவர் புது பேட்தான் போட வேண்டும். விலை சில நூறு ரூபாய்.

பேட் வாங்கப் போன கடையில் இன்னொரு கண்டம் காத்திருந்தது. "ஆயிலும் மாத்திடலாம் சார், பைக் பிரேக் ஆயில் இருக்கு" என்று ஒரு தம்பி பாட்டிலை எடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் எண்ணெய் பிரேக்குகளில் இரண்டு ஜாதி உண்டு. கலப்பு மணம் ஆகவே ஆகாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராம் பெரும்பாலும் டாட் 4, டாட் 5.1 என்ற ரகம், அதாவது மோட்டார் பைக்கில் ஊற்றுகிற ரகம். அதிலும் சில புது மாடல்கள் மினரலுக்கு மாறிவிட்டன. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதியோ இளகியோ கெட்டுப்போகும். அதுவும் உடனே தெரியாது. சில வாரம் கழித்துத் தெரியும், அநேகமாக ஒரு சரிவில். கம்பெனி பெயரை நம்பாதீர்கள். லிவரின் மூடியிலேயே எழுதியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். பையன் படித்துக் காட்டினான். தம்பி பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, "தெரிஞ்சுக்கிட்டேன் சார்" என்றார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் தாராளமாக வண்டியை விடலாம்.

டாட் ரகத்துக்கு ஒரு குணம்: காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும் என்பது உபரித் தகவல். மினரல் ஆயில் ஈரத்தைக் குடிக்காது. ஆனால் எப்படியாவது உள்ளே போன தண்ணீர் கலக்காமல் தனியாகக் கீழே இறங்கி, சூடு அதிகமான இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அது 100 டிகிரியில் ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரிதான், சுருங்கும்.

சூடு எவ்வளவு வரும் என்கிறீர்களா? ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. ஏற்காட்டில் இருந்து அடிவாரம் சுமார் 1,000 மீட்டர் இறக்கம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற வெப்பம். ஒரு பகுதியை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் ஒரு ஆப்பம் அளவுள்ள இரண்டு தட்டுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் மலையிறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வரக் கூடாது என்கிறார்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுக்க விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் தட்டு ஆறும். இறங்கியதும் ஆசையாய்த் தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கொப்புளிக்கும். சுற்றும்போதும் விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது. அது தட்டல்ல, கத்தி.

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் எண்ணெய் மாற்றும் வைபவம். சக்கரத்தையும் பழைய பேடையும் கழற்றி, பிஸ்டன்கள் வெளியே வந்துவிடாமல் இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினான். லிவரின் தலையில் ஒரு சின்னப் புனல். கீழே நிப்பிளில் மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சு. 7 மில்லிமீட்டர் ஸ்பேனரால் நிப்பிளைத் திறந்து, கீழேயிருந்து புது எண்ணெயை மெதுவாக ஏற்ற வேண்டும். காற்று மேல்நோக்கித்தானே போகும். அதோடு நாமும் ஒத்துழைப்பதுதான் முறை. ஸ்பேனரின் கைப்பிடியால் குழாயை ஆங்காங்கே தட்டிக்கொடுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளும் புறப்பட்டு வரும்.

புனலைப் பிடிக்கும் உத்தியோகம் அப்பாவுக்கு. சிவப்பு எண்ணெயில் கோலி சோடா மாதிரி குமிழிகள் வந்தன. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காத்து இருந்தா ஏன் ஆகாது?" என்று கேட்டார். பேரன் விளக்கினான். அவர் சிரித்தார்.

"எங்க காலத்து ரயில்ல அப்படியே தலைகீழ்டா. குழாயில காத்தே இருக்கக் கூடாது, வாக்குவம். காத்து உள்ள வந்தாத்தான் பிரேக் பிடிக்கும். அப்போ செயினைப் பிடிச்சு இழுத்தா, அது காத்தைத்தான் உள்ள விட்டுச்சு. ஓஸ் பிடுங்கிட்டு வந்தாக்கூட வண்டி தானா நின்னுடும். உன் சைக்கிள்ல ஓஸ் அறுந்தா?"

"நிக்காது தாத்தா."

"அப்ப எது பெரிய டெக்னாலஜி?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை. கெட்டுப்போனால் நிற்கும் பக்கமாகக் கெட வேண்டும் என்பது பழைய ரயில்காரர்களின் ஞானம். சைக்கிளில் அந்த வசதி இல்லை. அதனால்தான் சொந்தக்காரர் கண் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பிறகு அவரே பேச்சோடு பேச்சாக, "அந்தத் தட்டுல எண்ணெய் விட்டது நான்தான்" என்றார். பையன், "தெரியும் தாத்தா. புனலைச் சாய்க்காதீங்க" என்றான். அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் ஒரு விசாரணைக் கமிஷன் இத்தனை சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

பிறகு தட்டைத் துடைத்து, புது பேட் போட்டார்கள். புது பேட் உடனே பிடிக்காது. அதன் பொடி மெல்லிய படலமாகத் தட்டில் ஏற வேண்டும். அதற்கு ஒரு சடங்கு உண்டு. ஓரளவு வேகம் எடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை சீராகப் பிரேக் பிடிப்பது. முழுக்க நிற்கக் கூடாது, சக்கரம் வழுக்கவும் கூடாது. இருபது தடவைக்குக் குறையாமல். பையன் விடிகாலை காலித் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்தான். கேட்டருகே நாற்காலி போட்டு அப்பா எண்ணினார். 20-ல் நிறுத்தப் பார்த்தான். "இன்னும் பத்து" என்றார். 30 ஆன பிறகு, தானே எழுந்து வண்டியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. "சரி, போ" என்றார்.

போனான். வந்தான். 20 வளைவும் இறங்கி அடிவாரத்தில் இருந்து போன் செய்தபோது, தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'ஸ்ஸ்' என்கிறது என்றான். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

இந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு, அல்லது வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, இன்னும் சில விஷயங்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் பழக்கதோஷத்தில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தடுத்துவிடுங்கள். லிவர் தொட்டியில் மேலே தங்கியிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்று குழாய்க்குள் போய்விட வாய்ப்புண்டு. கவிழ்த்துவிட்டார் என்றால், நிமிர்த்திய பிறகு லிவரைப் பல தடவை பிடித்து விட்டு, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போது குழந்தைகள் லிவரை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட் இரண்டும் நெருங்கிவந்து, அப்புறம் தட்டு நுழையாது. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவர்கள், முதலில் தட்டைத் துணியால் மூடுங்கள். பேடில் உரசும் பகுதி அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டால் மாற்றிவிடச் சொல்கிறது ஷிமானோ. அவர்களுடைய 1.8 மில்லிமீட்டர் தட்டு 1.5-ஆகத் தேய்ந்தால் தட்டையே. தட்டு ஒரு பக்கமாக உரசிச் சத்தம் போட்டால், காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி முடுக்கினால் பெரும்பாலும் நடுவில் வந்து உட்காரும். அதற்கு மெக்கானிக்கே வேண்டாம்.

வேகமாகப் போவதற்கு நாம் நிறையச் செலவழிக்கிறோம். எடை குறைந்த சட்டம், கார்பன் ஃபோர்க், அதற்கேற்ற சட்டை, கண்ணாடி. நிற்பதற்குச் செலவு சில நூறு ரூபாயும் மாதம் பத்து நிமிஷமும்தான். நன்றாக நின்ற சைக்கிளைப் பற்றி மறுநாள் யாரும் பேசுவதில்லை. அதனாலேயே அந்தப் பத்து நிமிஷம் தள்ளிப்போய்விடுகிறது.

உங்கள் வீட்டு பார்க்கிங்கில் அப்படி ஒன்று நிற்குமானால், இன்று சாயங்காலம் போய் லிவரைப் பிடித்தபடி ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். எண்ணெய்க் குப்பியை மட்டும் மாடியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.